கூட்ஸ் வண்டிக்கு முதுகு காட்டின படம்

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் ஒரு கூட்ஸ் வந்தது. நாப்பத்திரெண்டு பெட்டி. ஆடுகளை உடைமரத்தடியில் விட்டுட்டு ஓடினேன். மகள் சத்யபிரியா பழைய போனை எனக்குக் கொடுத்ததிலிருந்து இதே சோலி — நம்ம ஊர் வழியா போற கூட்ஸை எல்லாம் படம் பிடிக்கிறது. ஆளுக போற வண்டி விர்ருன்னு போயிரும். கூட்ஸ் அப்படி இல்லை. ஆனை மாதிரி அசைஞ்சு, நான் பாக்கணும்னே வரும்.

ரயில்வே கேட்டில் என் கொழுந்தன் சௌந்தரபாண்டியன் டூட்டி. பட்டாளத்திலிருந்து வந்தவர். வருசா வருசம் புதுப்பிக்கிற காண்ட்ராக்ட் வேலை. பச்சைக்கொடியைப் பிடிச்சுக்கிட்டு, கடைசிப் பெட்டி தாண்டுற வரைக்கும் வண்டியையே பாத்து நிக்கணும். எங்கேயும் புகையுதா, எதுவும் தொங்குதான்னு. கல்லு மாதிரி நிப்பார். எனக்குப் பொறுக்குமா?

“கொழுந்தனாரே, எஞ்சினுக்கு மாலை போடப் போறீகளா? இங்கிட்டும் பாருங்க, ஊர்லயே அழகி நிக்கேன்!”

திரும்பிட்டார்! கொடி கக்கத்தில், வண்டிக்கு முதுகு, வாயெல்லாம் பல்லு. டக்குன்னு எடுத்துட்டேன். ஸ்டேட்டஸில் போட்டேன் — ‘வண்டி கெடக்கட்டும், மதினிதான் முக்கியம்.’

ஜனவரி 22

எண்பத்தாறு பேர் பாத்திருக்காக. கொழுந்தன் பொண்டாட்டி தங்கலட்சுமி போன் போட்டு, “ஏக்கா, அந்த மனுசனை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க”ன்னா. ரெண்டு பேரும் சிரியோ சிரின்னு சிரிச்சோம்.

ஜனவரி 25, சனி

படம் கை மாறி கை மாறி ரயில்வே ஆபீசர் வரைக்கும் போயிருச்சாம். கொழுந்தனை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காக. ஸ்டேட்டஸ்தானே, ஒரு நாள்ல மறைஞ்சு போகும்னு நினைச்சேனே. யாரு எடுத்து அனுப்புனா? யாரா இருந்தா என்ன. போட்டவ நான்தானே.

ஜனவரி 27

படம் எடுத்தது யாருன்னு கேட்டாகளாம். “வழியில போன யாரோ, தெரியாது”ன்னு சொல்லிட்டாராம். தங்கலட்சுமி சொல்லித்தான் தெரியும். அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நாலு வசவு வஞ்சாக்கூட தேவலை.

பிப்ரவரி 3

கேட்டில் வேற ஆள் நிக்கார். கூட்ஸ் போச்சு. எடுக்கலை. பெட்டியையும் எண்ணலை.

பிப்ரவரி 6, வியாழன்

மனசு கேக்கலை. நான்தான் எடுத்தேன்னு ஆபீசில் சொல்லப் போறேன்னேன். “உன்னையும் பிடிச்சு வச்சுக்கிட்டா?”ன்னார் வீட்டுக்காரர். “வச்சுக்கிட்டா சோறாச்சும் அவுக போடுவாக”ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆபீசரிடம் போனைக் கொடுத்தேன். அறுபத்தொம்பது படம். அந்த ஒண்ணு போக, எதில் பாத்தாலும் ஓரத்தில் கொழுந்தன், கொடியோட, வண்டியைப் பாத்தபடி. ஆபீசர் ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தார். “நல்லா எடுத்திருக்கீங்கம்மா”ன்னார். மனசு குளுந்துச்சு. அப்புறம் கேட்டார்: “கூப்பிட்டது நீங்க. சரி. திரும்பினது யாரு? அந்நேரம் ஒரு பெட்டி புகைஞ்சிருந்தா?”

தண்டவாளத்துக்கிட்ட இனிமே வரமாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டார்.

பஸ்ஸில் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒவ்வொரு படத்துக்கும்தான் கத்தினேன். அத்தனை தடவையும் அந்த மனுசன் திரும்பலையே. ஒரே ஒரு தடவை, பாவம் மதினின்னு திரும்பினார்.

மார்ச் 1

காண்ட்ராக்ட் புதுப்பிக்கலை.

மார்ச் 4

குழாயடியில் என்னைப் பாத்ததும் தங்கலட்சுமி பாதிக் குடத்தோட எந்திரிச்சுப் போயிட்டா. என்னை நானே வஞ்சுக்கிட்டேன்: ஏண்டி மாரிக்கனி, உனக்கு வாய் எதுக்குடி? போன் எதுக்குடி?

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தன் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. வாசலிலேயே நின்னார்.

“மதினி, பாளையம்பட்டிப் பக்கம் ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்காம். அப்ளிகேஷன் பாரத்துல ஒட்ட ஒரு போட்டோ எடுங்க.”

“டவுனுல ஸ்டூடியோ இருக்கே...”

“உங்க போன்லதான் நான் நல்லா விழுறேன்.”

குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா? தெரியலை. சுவத்து ஓரமா நிறுத்தினேன். நான் பேசாம இருக்கிறதைப் பாத்துட்டு, “என்ன, வாயில கொழுக்கட்டையா?”ன்னார்.

“பாரத்துல ஒட்டுற படம். நான் பேசினா நீங்க சிரிச்சிருவீக.”

“அதுவும் சரிதான்”னு நேரா பாத்தார்.

மூணு படம் கை ஆடிருச்சு. நாலாவதுதான் தெளிவா விழுந்தது. அது வரைக்கும் அசையாமல் நின்னார்.