அக்கா செய்த சோடா

என் அருமை அக்காவுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தன்று, வந்தவர்களிடம் அத்திம்பேர், "இந்த சோடா மிஷின் நான் பண்ணினது" என்றபோதே பேசியிருக்க வேண்டும். சாவு வீடு என்று விழுங்கினேன்.

இப்போது அதை மேடை ஏற்றிவிட்டார். போன வாரம் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில், வீட்டிலேயே சோடா தயாரிப்பது பற்றிப் பிரசங்கம். மாலை போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வந்தது.

மிஷின் என்ன மிஷின்? இரண்டு சீசா, நடுவில் ஒரு ரப்பர் குழாய். ஒன்றில் ஆப்பசோடாவும் புளித்தண்ணீரும், மற்றதில் குடிக்கிற தண்ணீர். கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி கார்க்கில் துளை போட்டு, விரலைச் சுட்டுக்கொண்டவள் நீ.

அவருக்கு வயிறு உப்புசம். கடை சோடா ஊரார் வாய் வைத்த சீசா, தொடமாட்டார். அதற்காகத்தானே ஆரம்பித்தாய்? முதல் தடவை கார்க் பிடுங்கிக்கொண்டு, அவர் மடி வேஷ்டியெல்லாம் புளித்தண்ணீர். "ஆத்துக்குள்ள என்னடி வெடி விட்டுண்டிருக்கே?" என்று கத்தினார். மறுநாள் ஏப்பம் வந்ததும், "இன்னொரு டம்ளர் கொண்டா" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஹாலில் ஒருவர் எழுந்து, "ஏன் சார் புளித்தண்ணி? ஆப்பசோடாவுக்கு வினிகர் ஊத்தினா போதுமே?" என்று கேட்டார். அத்திம்பேர், "அது உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார். புளித்தண்ணீர் முதல் சீசாவிலேயே நின்றுவிடுகிறது. குழாய் வழியாகக் குடிக்கிற தண்ணீருக்குப் போவது வெறும் காற்று. அதில் என்ன குளிர்ச்சி? வினிகர் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சத்தம் போட்டவரே அவர்தான். அதனால்தான் நீ புளியைக் கரைத்தாய். அதுகூடவா மறந்துவிடும்?

"ஏன்க்கா சும்மா இருக்கே?" என்று உன்னையும் கேட்டிருக்கிறேன். "போறதுடா. அவர் சொன்னா நாலு பேர் நம்புவா. நான் சொன்னா சிரிப்பா." சிரித்துவிட்டுத்தான் போகட்டுமே. ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா?

அடுத்த கூட்டம் ஸ்ரீரங்கத்திலேயாம். "கார்க்கில் துளை போட்டது யார்?" என்று ஒருவராவது எழுந்து கேட்காமல் அந்தக் கூட்டம் முடியாது. அதற்கு நான் பொறுப்பு. அதனால்தான் இந்தக் கடிதம் அதே பத்திரிகைக்குப் போகிறது.

கீழே என் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். உன் பெண் இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கிறாள்? பெயரைப் பார்த்தால், "உன் மாமா ஏன் இப்படி எழுதினான்?" என்று அவளை நிற்கவைத்துக் கேட்பார். உனக்குத் தம்பிகள் நாலு பேர். எவன் என்று அவரே தேடட்டும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உன் தம்பிகளில் ஒருவன்