ஒன்பதாம் பிரதி

என் செல்ல அப்பாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் முடிந்ததும் சித்தப்பா உங்கள் பீரோவைத் திறந்தார். வேட்டிகளுக்கு அடியில் இருந்த துணி ஒட்டிய நான்கு அட்டைப்பெட்டிகளையும் கூடத்தில் பிரித்தார். செம்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவி அச்செடுத்த எச்சிங் படங்கள். எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் உடுப்பில்லாமல், ஒருவரை ஒருவர் விடாமல். சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த மனிதரா இதையெல்லாம் சேர்த்தார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"ஏட்டி, வருசம் திரும்புறதுக்குள்ள உன்னையக் கட்டிக்கொடுக்கணும். புளியங்குடிக்காரங்க அடுத்த மாசம் பாக்க வாராங்க. அதுக்குள்ள இதக் கொளுத்திரணும்" என்றார் சித்தப்பா.

"கொளுத்தக் கூடாது" என்றேன். காலேஜில் வருகைப் பதிவுக்குக்கூட கையை மட்டும் தூக்கியவள் நான்.

மறுநாள் அவர் நம் கண்ணாடிக் கடையிலிருந்து பசையும் ஜிகினாவும் பட்டுத்துணியும் கொண்டுவந்தார். அம்மன் படத்துக்கு ஒட்டுகிற மாதிரி இவர்களுக்கும் சேலை கட்டிவிடுவாராம். "மானமும் போவாது, படமும் போவாது. என்ன சொல்லுத?"

அப்பா, அவர் நிஜமாகவே உதவுவதாகத்தான் நினைத்தார். நான் பெட்டிகளை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மதினி, நீங்களாவது சொல்லுங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் என்னத்தச் சொல்ல? ரெண்டாவது பெட்டியில சாஞ்சு கெடக்காள்லா, அவ காலு மட்டும் கொஞ்சம் கோணல். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சித்தப்பா பசை டப்பாவை மூடிவிட்டார். அம்மாவும் பார்த்திருக்கிறாள் என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அன்றைக்கு மதியம் எல்லாப் படங்களையும் பார்த்தேன். ஒருத்திகூட தலைகுனிந்திருக்கவில்லை. புளியங்குடிக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று நானும் குனியவில்லை. மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டேன், இந்தப் பெட்டிகளும் என்னோடு வரும் என்று. "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார். "இப்பவே பேசிக்கிடுவோம்" என்றேன். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

போன வாரம் இந்தப் படங்களை வரைந்த பெண் ஓவியர் சென்னையிலிருந்து போனில் பேசினார். இருபது பிரதி எடுத்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடுவாராம். அதற்குமேல் ஒன்று கிடையாது. ஒரு பெட்டி ஒரு தொகுப்பு; ஒவ்வொன்றிலும் ஒன்பதாம் பிரதியை உங்களுக்கென்றே வைத்திருந்தாராம். ஐந்தாவது தொகுப்பு தயார். "கேக்கறவங்க நிறைய இருக்காங்கம்மா. ஒன்பதை வேற யாருக்காவது கொடுத்திடட்டுமா?"

எதிரே சித்தப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போகவில்லை. "கொடுக்காதீங்க. இனி எம்பேர எழுதிக்கிடுங்க" என்று சித்தப்பா காதில் விழும்படி சொன்னேன்.

அப்பா, நீங்கள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தீர்கள். இது அசிங்கம் என்று நீங்களும் கொஞ்சம் நம்பினீர்களா? ஐந்தாவது பெட்டி வந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூடத்தில், பகல் வெளிச்சத்தில் பிரிப்பேன். கதவு திறந்தே இருக்கும். வருகிறவர்கள் கையைத் துடைத்துவிட்டு வந்து பார்க்கட்டும்.

ஒன்பதாம் பிரதிக்கு உரியவளான
உங்கள் மகள்