மருந்து பூசிய மரமில்லை நான்

ரப்பர்த் தோட்டத்தில் என் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டிய பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் பெரட்டு உண்டா? விடியுமுன்னே நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுகிறார்களா? அப்படியென்றால் நீ இந்நேரம் அந்த ஊர்க் கங்காணியோடு ஒரு சண்டையாவது போட்டு முடித்திருப்பாய். எனக்கும் இங்கே ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், என் எழுத்து இன்னும் கோணவில்லை. ஆனால் வலது கைக்கட்டை அவிழ்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வரி ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்.

சண்டை சாமித் தட்டில் ஆரம்பித்தது. தஞ்சோங் கிளிங்கில் என் மகன் சேகர் வீட்டில்தான் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை முருகன் படத்துக்குப் பூ வைக்கப் போனேன். கை எட்டவில்லை.

"யார்டா தட்ட மேல ஏத்துனது?"

"யாரும் தொடலம்மா. அடிச்ச ஆணியிலதான் இருக்கு."

நான் நம்பவில்லை. மருமகள் மல்லிகா கூட்டிப் பெருக்கும்போது ஏற்றி மாட்டிவிட்டாள் என்று மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவள் எதற்கென்றே தெரியாமல் கோப்பி கலக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு உயரவில்லை அக்கா. நான்தான் குட்டையாகிவிட்டேன். உன் சேலை கடைசிக் காலத்தில் தரையில் புரண்டதே, "புதுச் சேல நீளம் போல" என்று நாம் சிரித்தோமே, நினைவிருக்கிறதா? சேலை நீளவில்லை. நமக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த மாதம் பசாரில் மீன் கடை ஈரத்தில் கால் வழுக்கியது. கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மழை நாளில் தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு பக்கமும் பால் வாளி, அந்தச் சேற்றில் நீயும் நானும் எத்தனை தடவை விழுந்திருப்போம்! கொட்டிப்போன பாலுக்குத்தான் அழுதோம். எலும்பை யார் நினைத்தது?

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். முதுகையும் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அத்தை என்கிற மாதிரி மாக்சிக் என்று முறை வைத்து, என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "துலாங் தா நிப்பிஸ், மாக்சிக்." எலும்பு மெலிந்துபோச்சாம். முதுகில் இரண்டு எலும்பு எனக்கே தெரியாமல் அமுங்கிப்போய் இருக்கிறதாம். அதற்குப் பிறகு அவளும் சேகரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். பேச்செல்லாம் என் முதுகைப் பற்றி. முதுகுக்குச் சொந்தக்காரி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சேகர் சொன்னான்: "மருந்து குடுத்திருக்காங்கம்மா, புதுசா வந்த மாத்திர. தெனம் ஒன்னு போட்டுக்க. போட்டுட்டு வீட்டோட இரு. இனிமே பசாரு, கோயிலு ஒன்னும் வேணாம்லா. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"மாட்டேன்," என்றேன்.

ஏன் மாட்டேன் என்றேன் என்று உனக்குத் தெரியும். பெம்பான் பக்கம் நம் தோட்டத்தில், ஆற்றோரத்துக் கிழட்டு மரங்களுக்கு மருந்து பூசச் சொன்னார்களே, அந்த வருஷத்தை மறப்பாயா? தகர டப்பாவையும் பிரஷையும் கொடுத்தார்கள். பட்டையைச் சுரண்டிப் பூசினோம். மறுவாரம் பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழிந்து மண்ணெல்லாம் பால். புதிதாக வந்தவர்கள் கைதட்டினார்கள். நீதான் மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "பாத்துக்க ராசம்மா, சாகப் போறதுக்கு விருந்து வைக்கிறானுங்க." மூன்று வருஷத்தில் அத்தனையும் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அன்றிலிருந்து கிழடான எதற்கும் மருந்து என்று யாராவது சொன்னால் எனக்குப் புல்டோசர் சத்தம்தான் கேட்கிறது.

இதைச் சொன்னால் சேகர் தலையில் அடித்துக்கொள்கிறான். "ஏம்மா, மரமும் நீயும் ஒன்னா?"

"நாப்பது வருசம் மரத்தோட நின்னவடா நான். வேற எதோட ஒப்பிடச் சொல்ற, ஓன் காரோடயா?"

மாத்திரைப் பெட்டி இரண்டு வாரம் குளிர்பெட்டியின் மேலேயே கிடந்தது. சேகர் காலையில் அதை எடுத்து மேசையில் வைப்பான். நான் எடுத்துத் திரும்ப மேலே வைப்பேன். நல்லவேளை, அது கைக்கு எட்டியது. ஒருநாள் அவன் பொறுமை இழந்து, "பாக்கியம் பெரியம்மா மாதிரி படுத்துக் கெடக்கணுமா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகு அவனுக்கே முகம் சுருங்கிப்போச்சு.

அக்கா, நான் எழுந்து அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு நீ எழுந்திருக்கவே இல்லை. உன் மகன் உன்னைப் பெம்பானிலிருந்து சுங்கை ரம்பாயில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்க்க வந்த அன்று நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "கேக்காமலே தூக்குறாங்க ராசம்மா. மூட்டையத் தூக்குற மாதிரி." நான் என்ன செய்தேன்? "சரி சரி, பேசாம இரு" என்று கஞ்சிக் கரண்டியை உன் வாய்க்குக் கொண்டுபோனேன். வேண்டுமா என்று நானும் உன்னைக் கேட்கவில்லை.

சேகர் அப்படிக் கேட்ட அன்றைக்கு, கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் முறைத்துக்கொண்டு நின்றது மாத்திரையோடு இல்லை. என்னைக் கேட்காமல் முடிவு செய்ததோடு. ஆனால் வெறுமனே "மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் நான் யோசித்து எடுத்த முடிவு ஆகிவிடுமா? பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பெட்டியோடு சண்டை போடுவது என்ன வீரம்?

மறுநாள் சேகர் வேலைக்குப் போனதும் நல்ல சேலை கட்டினேன். மல்லிகா வாசலில் மறித்தாள். "எங்க அத்த, தனியா? அவரு வந்தா என்னைத்தான் திட்டுவாரு."

"ஒங்கம்மா ஓடிப்போய்ட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். டாக்டர் என் பின்னால் எட்டிப்பார்த்து, மகன் வரவில்லையா என்று கேட்டாள். "எலும்பு என்னோடது டாக்டர், அதான் நான் வந்தேன்," என்றேன். மலாயில்தான் பேசினோம். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"தோட்டத்துல மருந்து பூசின மரத்த மூணு வருசத்துல சாய்ப்பாங்க. எனக்கு எத்தன வருசம் வச்சிருக்கீங்க?"

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்க தாத்தாவுக்கும் கித்தாப் பால்மரத் தோட்டம் இருந்துச்சு மாக்சிக். எனக்கு அந்த மருந்து தெரியும். அது உள்ள இருக்கிறத வெளிய இழுக்கிற மருந்து. இது வெளிய போறத நிறுத்துற மருந்து."

அக்கா, இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்! எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்துகொண்டும் கொஞ்சம் வளர்ந்துகொண்டும் இருக்குமாம். நம் வயதில் கரைவது கூடிப்போகுமாம். மாத்திரை அந்தக் கரைச்சலைக் குறைக்குமாம்.

"அப்ப இனிமே விழுந்தா உடையாதா?"

"அப்படி எழுதிக் குடுக்க மாட்டேன். உடையிற வாய்ப்பு குறையும். போன உயரம் திரும்பாது."

"வேணாம்னு சொன்னா?"

"அது ஒங்க முடிவு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அடுத்த தடவ கையில்லாம இடுப்பா இருக்கலாம். அதான் எனக்குப் பயம்."

நெஞ்சு எரிந்தாலோ விழுங்க வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னாள். கடைசியாகக் கேட்டேன், இதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டுமா என்று. "யார் சொன்னா? நடக்கணும் மாக்சிக்! நடக்க நடக்கத்தான் எலும்புக்கு பலம். வழுக்காத செருப்பு மட்டும் போடுங்க." அந்த வாக்கியத்தைச் சேகருக்காக ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு மாத்திரை சாப்பிடும் முறையைச் சொன்னாள். விடிந்து எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியவும் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது, பால் ஊற்றாத வரக்கோப்பிகூட. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பயந்துபோய் என்ன என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன் அவளுக்கு? இது பெரட்டு அக்கா! அதே வெறும் வயிறு, அதே விடியல், அதே அரை மணி நேரம். குனிந்து வேலை செய்தே தேய்ந்த முதுகுக்கு, நிமிர்ந்து நில் என்று ஒரு மருந்து!

சாயங்காலம் சேகர் குதித்தான். அந்தத் தாளை நீட்டினேன். படித்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "மாத்திர சாப்பிடுறேன்," என்றேன். "நீ சொன்னதுக்காக இல்ல, நான் போய்க் கேட்டதுக்காக. நெஞ்சு எரிஞ்சா நிறுத்துவேன், அதையும் நான்தான் சொல்லுவேன். நாளையிலேருந்து பசாருக்கு நான்தான் போறேன். அப்புறம் ஒரு வேல இருக்கு. அந்தச் சாமித் தட்டு ஆணியப் புடுங்கி ஒரு சாண் கீழ அடி."

"சாமியப் போயி கீழ எறக்குறதாம்மா?"

"இத்தன வருசம் நான் அண்ணாந்து பாத்தேன்ல, இனி அவரு கொஞ்சம் எறங்கி வரட்டும்."

முருகன் இறங்கி வந்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார், கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மல்லிகாவிடமும் தட்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், பிறகு எனக்கு வழுக்காத செருப்பு வாங்கி வந்தாள். சிவப்பு நிறம். போட்டுக்கொண்டு நடக்கிறேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

இன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வாசல் கேட்டருகே போய் நிமிர்ந்து நின்றேன். தெரு விளக்கு இன்னும் அணையவில்லை. அந்தக் காலத்தில் நீ பிந்தி வரும் நாட்களில் கங்காணி உன் பெயரைக் கூப்பிட்டால், குரலை மாற்றி உனக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்வேன். எத்தனை தடவை ஏமாந்தார் அந்த மனுஷன்! இன்று கூப்பிட ஆளில்லை, நானே கூப்பிட்டேன். "பாக்கியம்!" என்றேன். உன் குரலில் "இருக்கேன்!" என்றேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

இந்த மாத்திரை எத்தனை நாள் ஒத்துக்கொள்ளும், எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா, இதை வாக்காகவே வைத்துக்கொள். என்னைக் கேட்காமல் என்னை யாரும் தூக்க விடமாட்டேன். கால் தரையில் நிற்கும்வரை ஒவ்வொரு விடியலிலும் நிமிர்ந்து நின்று உன் பெயரை முதலில் கூப்பிடுவேன். உனக்கும் எனக்கும் சேர்த்து நானே சொல்வேன், "இருக்கேன்" என்று.

உன் பக்கத்து நிரைக்காரி,
கூடப் பிறக்காத தங்கச்சி
ராசம்மா