ஊதுபத்திப் புகை போன வழி

"ஓம் சேர், நானும் பாத்தனான்." அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த நான்கு சொற்களைத்தான். இன்று வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துக் கடையில் யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். நீ வாங்கும் அதே மலிவான மல்லிகை வாசம்.

கொட்டாஞ்சேனை வேதக்காரி நீ, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். ஆய்வுகூடத்துக்கு ஊதுபத்தியோடு வந்து நின்றபோது, "எப்ப சமயம் மாறினாய்?" என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதையாத. குழாயைப் பிடி."

ஒரே உலையில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவிகள் நாம். மொலிப்டின ஒட்சைட்டுத் தூளையும் கந்தகத்தையும் சூடாக்கி, அந்த ஆவியை ஆர்கன் வாயுவால் தள்ளி, சிறு சிலிக்கன் துண்டின் மேல் படிய வைப்போம். சில அணுக்களே தடிப்பான முக்கோணங்கள் வளர வேண்டும். எங்களுக்கு வளர்ந்ததோ கரிக்கட்டி போன்ற குவியல். வெப்பநிலையில்தான் பிழை என்றார் எங்கள் மேற்பார்வையாளர். ஆறு மாதம் அதையே மாற்றிப் பார்த்தோம்.

நீதான் உலையை அணைத்து, வாயு எப்படி ஓடுகிறதென்று பார்க்க, ஆறிய கண்ணாடிக் குழாய்க்குள் ஊதுபத்திப் புகையை விட்டாய். வாயுவை வேகமாகத் திறந்தால் புகை துண்டின் விளிம்பில் மோதிச் சுருண்டது. குறைத்தபோது பாய் விரித்ததுபோல் படுத்துப் போனது. மறுநாள் அந்த மெதுவான ஓட்டத்தில் உலையை மூட்டினோம். நுணுக்குக்காட்டியின் கீழ் முக்கோணங்கள்! நீ என் தோளில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

கூட்டத்தில் மேற்பார்வையாளர் சிரித்தார். "இது லெப், பிள்ளை. பூசை அறை இல்லை. ஒருக்கா வந்தது தற்செயல்."

"புகைக்குப் பதவி வேணாம் சேர். அது பொய் சொல்லாது," என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீரும் பாத்தீரோ?"

என் புலமைப்பரிசிலை நீடிக்க அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து நீ கேட்டது ஒன்றுதான். "ஏனடி?"

அந்தக் கிழமையே உனக்கு டெங்குக் காய்ச்சல். நான் பதிலோடு வந்தபோது உங்கள் ஒழுங்கையில் சாவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள்.

உன் கொப்பியைப் பார்த்துப் பதினொரு தடவை செய்தேன். பதினொன்றிலும் முக்கோணங்கள். பிறகுதான் அவர் நம்பினார். நான் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு, "செத்த பிள்ளையின்ர பேர் மேல எதுக்கு? கீழ நன்றி எண்டு போடும்," என்றார்.

"கண்டுபிடிச்சது அவ, சேர். நான் பாத்தனான். அவவின்ர பேர்தான் முதல்ல நிக்கும்."

"அப்ப உம்மட புலமைப்பரிசில்?"

"அது உங்கட கையில. இது என்ர கையில."

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. பிந்தியது பிந்தியதுதான், அதற்காக இனியும் வாய்மூடி இருக்கமாட்டேன். உன் ஊதுபத்திப் பெட்டியில் மிஞ்சிய மூன்று குச்சிகள் என் பையில் இருக்கின்றன.

கட்டுரை உன் பெயரை முதலாவதாகக் கொண்டு வெளிவந்தது. என் புலமைப்பரிசில் நீடிக்கப்படவில்லை.