ஜெர்சியைத் தீய்த்தவன்

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலிருந்து தூறல். லாரி ஆபீசுக்கு அரை நாள் லீவு. ஸ்டெல்லா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். சைக்கிள் குழுவின் புது ஜெர்சியில் ஒரே வியர்வை நாற்றம். போன ஞாயிறு பேரணாம்பட்டு வரை ஓட்டியது. நாளை சுதந்திர தினம், குழு போட்டோ. நானே துவைக்க உட்கார்ந்தேன்.

காலரில் தைத்திருந்த சீட்டில் இருந்தது: பச்சைத் தண்ணீர். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் உலர்த்தவும். இஸ்திரி கூடாது.

நான் செய்தது: சுடுதண்ணீர், இரண்டு பிடி பவுடர், பிரஷ், நன்றாக முறுக்கிப் பிழிதல். மழையில் எங்கே காயும்? ஈரம் போகட்டும் என்று இஸ்திரியும் போட்டேன்.

இரண்டு விநாடிகூட இருக்காது. முதுகில் பெட்டியின் மூக்கு அளவுக்குத் துணி உருகிவிட்டது. குழுப் பெயரில் பாதி எழுத்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஜெர்சி இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மழை இல்லை. காலை ஐந்தரைக்கு மேம்பாலத்தடியில் எல்லோரும் புது ஜெர்சி. நான் மட்டும் பழைய டீஷர்ட். குழுவை நடத்துகிற தினேஷ், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன், கேட்டான்.

"இன்னாண்ணா, ஜெர்சி எங்க?"

யோசிக்கவே இல்லை. "வீட்ல இஸ்திரி போட்டு தீச்சிட்டாங்கப்பா."

'வீட்ல' என்றால் மனைவிதான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவில் ஓரமாக நின்றேன்.

மதியம் வரை வாட்ஸ்அப்பில் கிண்டல். இஸ்திரிப் பெட்டிப் படங்கள். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். யாரும் கேட்காமலேயே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். ஓட்டம் முடிந்ததும் தினேஷும் இன்னும் இரண்டு பேரும் டீ குடிக்க வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஸ்டெல்லா அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு டீ கொண்டுவந்தாள்.

"டீ சூடு கரெக்டா இருக்கு அண்ணி. இஸ்திரிப் பெட்டிக்குத்தான் சூடு ஜாஸ்தி வெச்சிட்டீங்க போல" என்றான் தினேஷ்.

"இன்னா இஸ்திரி?"

"அதான், அண்ணனோட ஜெர்சி. நீங்க கம்பெனில செக்கிங்தானே? அங்கயும் இப்படித்தானா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"ஆமா தம்பி. கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாலு வருஷமாகச் செக்கிங். ஒரு தையல் விலகியிருந்தால்கூட அந்த ஷூ அவள் மேஜையைத் தாண்டாது. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரே அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார். அவளைப் போய்.

அவர்கள் போனபின் ஒரே கேள்வி: "எங்க வெச்சிருக்கீங்க?"

எடுத்துக் கொடுத்தேன். உருகின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "தீஞ்சதுக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் எதிர்ல உங்க மானம் போகக்கூடாதுன்னு ஒத்துக்கிட்டேன். எம் பேரு போச்சு."

அதோடு சரி.

ஆகஸ்ட் 20, புதன்

புழுக்கம். ஸ்டெல்லா சாப்பாடு போடுகிறாள், முகம் கொடுப்பதில்லை. என் சைக்கிள் துணிகளை இனி நானே துவைப்பதாகச் சொன்னேன். "ம்" என்றாள். ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, மடிப்பில்லாமல் கொடியில் போட்டேன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இதைச் செய்தால் அது சரியாகிவிடுமா?

குழுவின் வாட்ஸ்அப்பில் உண்மையை எழுத மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் அழித்தேன். நாற்பத்திரண்டு வயசு எனக்கு.

பல் ஆஸ்பத்திரி சீட்டைக் காணவில்லை. தேட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். டீக்கடையில், எல்லோர் எதிரிலும். "ஜெர்சிய தீச்சது நான்தான்பா. அவங்க இல்ல."

"விடுங்கண்ணா" என்று தினேஷ் தோளில் தட்டினான். "அண்ணி சண்ட போட்டாங்களா? அவங்கள காப்பாத்த இப்படி சொல்றீங்களா?" மறுபடியும் ஒரே சிரிப்பு. பொய்யை உடனே நம்பினார்கள். உண்மையை ஒருத்தனும் நம்பவில்லை.

வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா கேட்டாள்: "சொல்லும்போது நீங்களும் சிரிச்சீங்களா?"

சிரித்தேன். பாதிச் சிரிப்பு. மறைக்கவில்லை.

"அப்புறம் எப்டி நம்புவாங்க? சிரிக்காம சொல்லுங்க."

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆபீசிலிருந்து நேராக மெடிக்கல் ஷாப். மாத்திரை வாங்க வந்த பெண் போகும்வரை காத்திருந்தேன். பிறகு தினேஷிடம் முழுவதும் சொன்னேன். சுடுதண்ணீர், பிரஷ், இஸ்திரி, டிரம்முக்குப் பின்னால் ஒளித்தது. சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது.

"இன்னாண்ணா இது! கம்பெனிலயும் இப்படித்தானான்னு அவங்கள மூஞ்சிக்கு நேரா கேட்டேனே."

ஆறரைக்கு அவனே வீட்டுக்கு வந்துவிட்டான். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் அவன் குரல் கேட்டது. "மன்னிச்சிடுங்க அண்ணி. தெரியாம பேசிட்டேன்."

"உங்க மேல இன்னா தப்பு தம்பி? சொன்னவரு பின்னாடிதான் இருக்காரு. இருங்க, கூப்பிடுறேன்."

கூப்பிட்டாள். சோப்பு நுரைக் கையோடு போய் நின்றேன். ஸ்டெல்லா உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கடையில் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இந்தத் தடவை தினேஷைப் பார்க்காமல் அவளைப் பார்த்து.