ஜன்னல் பக்கக் கன்னம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மூன்று முறை. ஜன்னல் பக்கக் கன்னத்தில் காற்று பட்டதும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த மாதிரி ஒரு வலி. ஐந்தாறு நொடிதான். பிறகு ஒன்றுமே நடக்காதது போல. இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். காற்றுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றியது இந்த வாரம்தான்.

பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தார். "இவன்தான் திருடன். எடுத்துடலாம்." எடுத்தாயிற்று.

மார்ச் 11

பக்கத்துப் பல்லும் போயிற்று. வலி போகவில்லை.

மார்ச் 12

கண்டக்டர் சொன்னான்: "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்களுக்கு ரெண்டும் போச்சு, வலி மட்டும் நிக்குதேண்ணே." சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு வெட்டியது பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏப்ரல் 2

மெல்ல முடியாமல் சோற்றைக்கூடக் கரைத்துத்தான் குடிக்கிறேன். முகம் கழுவவே பயம். "வாயத் தொறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்று மனைவி கத்தினாள். வாயைத் திறப்பதுதானே வினை! ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன்: பேசினால் வெட்டுகிறது. படித்துவிட்டு அதை மடித்து, மடித்து, பட்டாணி அளவுக்கு ஆக்கினாள்.

ஏப்ரல் 19

அவள்தான் நரம்பு மருத்துவரிடம் இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னார்: "பல்லுல கோளாறே இல்லைங்க. முகத்துக்குப் போற நரம்பை மூளைகிட்ட ஒரு ரத்தக்குழாய் அழுத்துது."

"அப்ப, புடுங்கின ரெண்டு பல்லு?"

வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதினார். "தலை சுத்தும். ரெண்டு ரெண்டாத் தெரியலாம். இப்போதைக்கு வண்டி ஓட்டாதீங்க."

தலையை ஆட்டினேன். டிப்போவில் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஸ்டீயரிங் போய்விடும்.

ஏப்ரல் 24

நான்கு நாளாக வலி இல்லை. நான்கு நாள்!

மே 6

பள்ளிக்கூட நிறுத்தத்தில் நடைபாதை இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம்? பொய்யானதைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். முன்சக்கரம் நடைபாதை மேல் ஏறித்தான் நின்றது. ஒரு பெண் தன் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் காதருகே வந்து, "பிரேக்கு பிடிக்கலைன்னு எழுதிருவோம்ணே" என்றான். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. அதனால்தான் அந்தப் பிள்ளை இன்று வீட்டுக்குப் போயிருக்கிறது. அடப்பாவி — என்னைத்தான் சொல்கிறேன் — அடப்பாவி, நீயெல்லாம் மனுஷனா?

மே 7

மாத்திரை அட்டையை மேலாளர் மேசையில் வைத்தேன்.

"எத்தனை நாளாப் போடுறீங்க?"

"பதினேழு நாளா சார்."

வேலை போகவில்லை. வண்டி போயிற்று. ஆபீசில் டிரிப் ஷீட் அடுக்குகிறேன்.

ஜூன் 13

வலி திரும்பிவிட்டது. மாத்திரையைக் கூட்டியும் பயனில்லை. நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் இரண்டு வழி சொன்னார். "காதுக்குப் பின்னாடி திறந்து ரத்தக்குழாயை விலக்கி வைக்கலாம். நல்ல வழி, ஆனா அந்தக் காது மந்தமாகலாம். இல்லைன்னா கன்னம் வழியா ஊசி விட்டு நரம்பைச் சுடலாம். வலி போகும். உணர்ச்சியும் போகும். சில வருஷத்துல வலி திரும்பவும் வரலாம்."

காது மந்தமானால் மறுபடி பஸ்ஸைத் தொட விடுவார்களா? "ஊசி" என்றேன். வீட்டு வாசலில் மனைவி, "உங்களுக்கு நான் முக்கியமா, பஸ்ஸு முக்கியமா?" என்றாள்.

ஜூலை 1

நாளை ஊசி. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14

மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம். வலி எட்டிப் பார்க்கவில்லை. கண் பரிசோதனையும் முடிந்தது. திங்கட்கிழமை முதல் பழைய தடம்.

மதியம் சாப்பிடும்போது மனைவி, "ஐயோ, ரத்தம்!" என்று எழுந்தாள். உள்கன்னத்தைக் கடித்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. ஈரத்துணியால் துடைத்தாள். அவள் கை அசைவதைப் பார்த்துத்தான் துடைக்கிறாள் என்று தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை மாதம் அலைந்தாள். கேட்டுவிட்டு, துணியைப் பிடித்தபடியே அழுதாள்.