பெரிய தலைக்காரி பிறந்தாள்

என்னங்க,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்! அண்ணி, இதை மட்டும் உங்கள் தம்பிக்குச் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

இந்தப் பாலைவனத்து விதை பொறுக்கும் எறும்புகளில் சின்னதும் பெரிய தலை உள்ளதும் வேறு வேறு இனம் என்று நான் சாதித்தேனே, இல்லவே இல்லை. கண் ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன் நீங்கள் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப்போன ராணி, இதுவரை சின்ன வேலைக்காரிகளையே பெற்றாள். இன்று காலை ஒரு கூட்டுப்புழு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சின்னவர்கள் கூடி உறையை உரித்துவிட, தலையே உடம்பாக ஒருத்தி வந்தாள்! இன்னும் நிறம்கூட ஏறவில்லை.

நான் போட்ட கூச்சலில் முகாம் சமையற்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"பாம்பாம்மா?"

"இல்லண்ணே, பொண்ணு பொறந்திருக்கா!"

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நம் பேராசிரியருக்குப் போனில் சொன்னேன்; எறும்பை உடனே அனுப்பச் சொன்னார். "எங்க வீட்டுக்காரர் கண்ணால பாக்காம அனுப்ப மாட்டேன் சார்" என்றேன்.

உங்கள் பார்வையைப் பற்றி டாக்டர் சொன்னதை அண்ணி எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கட்டு அவிழ்க்கும் அன்று பெட்டியோடு எதிரில் நிற்பேன். அண்ணி, அடுத்த வரியைப் படித்ததும் எழுந்து போய்விடுங்கள்.

முதலில் என்னைப் பாருங்கள். அப்புறம்தான் எறும்பு.

தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உங்கள் பெண்டாட்டி